அடியிலிருந்து எடுத்த பர்கர்

என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில், பழைய லோடு சீட்டுப் புத்தகங்களுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு காக்கித் தாள் இருக்கிறது. எண்ணெய் ஊறி அங்கங்கே கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. விரித்தால் நடுவில் நீலப் பென்சிலால் போட்ட ஒரு டிக் குறி. கையெழுத்து இல்லை, தேதி இல்லை. ஆபீஸைச் சுத்தம் செய்யும் போதெல்லாம் யாராவது அதைக் குப்பைக்கூடையில் போடப் பார்ப்பார்கள். நான் பாய்ந்து பிடுங்குவேன். பர்கர் சுற்றி வந்த தாளுக்கு இத்தனை காவலா என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் தீப்பெட்டி ஆலையில் ஒருத்தி தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டதற்கு இருக்கும் ஒரே சான்று அதுதான்.

அவரைச் சூப்பர்வைசரக்கா என்றே எல்லோரும் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற சாலையில், ஊர் முடிந்து கரிசல் காட்டுக்குள் நாலு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஆலை. நான் லாரிக்கு லோடு சீட்டு எழுதுகிற கிளார்க். பாக்கிங் டேபிளிலிருந்து வரும் தீப்பெட்டிப் பண்டல்களைப் பார்த்து, சரி என்று விட்டால்தான் எனக்குச் சீட்டு எழுத வேலை வரும். அப்படி விடுவது அக்காவின் வேலை. பண்டலைப் பிரித்து மேலிருந்து ஒரு பெட்டி, நடுவிலிருந்து ஒரு பெட்டி, அடியிலிருந்து ஒரு பெட்டி எடுப்பார். தள்ளி இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போய் ஒவ்வொன்றிலும் மூன்று குச்சியை உரசுவார். அவர் காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு. நீலம் போட்டால் லாரி ஏறும், சிவப்பு போட்டால் டேபிளுக்குத் திரும்பும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பண்டலைப் பார்த்தும் அவர் "நல்லாருக்கு" என்று சொன்னதில்லை. கேட்டால், "கோடு போட்டேன்லா, பெறகென்ன" என்பார். அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வரும் பாராட்டு.

செக்கிங் அறையில் ஒரே ஒரு நாற்காலி. ஜன்னலோரம் போட்டிருக்கும் பழைய மரநாற்காலி, ஒரு கைப்பிடியில் அவர் விரல் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருக்கும். அந்த வருஷம் புரட்டாசியில் அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. பெரிய முதலாளி உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருந்துவிட, கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளி பொறுப்பெடுத்திருந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். பண்டலைப் படம் பிடித்தே சரியா தப்பா என்று சொல்லும் கேமரா மெஷின் ஒன்றைப் பற்றி எங்கேயோ பார்த்துவிட்டு வந்தார். தீபாவளிக்குப் பிறகு மெஷின் வரும், அக்கா பாக்கிங் டேபிளுக்கு மாறிக்கொள்ளட்டும் என்று ஆபீஸில் வைத்தே சொல்லிவிட்டார். அக்கா செக்கிங் அறைக்குத் திரும்பிப்போய் அடுத்த பண்டலைப் பிரித்தார். சாயங்காலம் என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதுதான் சொன்னார்.

"இருவத்திரெண்டு வருசமா நான் செவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புன பிள்ளைவ கிட்டத்தான் போயி நான் ஒக்காரணும். எப்பிடி ஏட்டி மூஞ்சியக் காட்டுவேன்?"

அந்த மனுஷி அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. ஸ்கூட்டி கண்ணாடியில் பார்த்தேன், காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வயல்களைப் பார்த்தபடி வந்தார்.

பர்கர் பேச்சு வந்தது அடுத்த வாரம். ஆயுத பூஜைக்கு எங்கள் ஆலையில் மெஷினெல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லோருக்கும் பொரிகடலையும் பூந்தியும் ஒரு பொட்டலம் கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் என்ன வேண்டும் என்று சின்ன முதலாளி வாய்தவறிக் கேட்டுவிட்டார். பாக்கிங் டேபிளில் இருந்த சின்னப் பெண்கள் ஒரே குரலில் "பர்கர்" என்றார்கள். அவருக்கும் அது பிடித்துப்போனது. சாமி கும்பிடுகிற நாளில் கோழியா என்று பெரியவர்கள் முணுமுணுத்ததும், சரி, காய்கறி பர்கர் என்றார். மதுரையில் பெரிய கடையில் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தவரை அக்கா நிறுத்தினார்.

"மதுரைக்கு எதுக்கு? நம்ம ஊருல செய்யுதாவ இல்லா?"

"நம்ம ஊர்ல எது நல்ல கடைன்னு யாருக்குத் தெரியும்? நீங்க பர்கர் சாப்பிட்டிருக்கீங்களாக்கா?"

"இல்ல. சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன். அதுவும் செக்கிங்தான?"

சின்ன முதலாளி சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் ஒரு வார்த்தையும் விட்டார். "சரிக்கா. நூத்தி இருவத்து நாலு பேரு சாப்பிட்டு ஒருத்தர்கூடக் கொறை சொல்லலன்னா, செக்கிங் உங்ககிட்டயே இருக்கட்டும். மெஷின் ஓரமா நிக்கட்டும்." ஆபீஸில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். அக்கா தலையை ஆட்டினார். எங்கள் பாக்கிங் பெண்களைத் தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். டீயில் சீனி போதாது, ஃபேன் சுற்றுவது போதாது, சம்பளக் கவரில் பசை போதாது என்று குறை சொல்லியே நாளைக் கழிக்கிறவர்கள் அவர்கள்.

கோவில்பட்டியில் பர்கர் விற்கிற இடங்கள் அப்போது ஏழு. எப்படித் தெரியும் என்றால், எண்ணியவள் நான். தின்கிற விஷயத்தில் நான் சோம்பேறி இல்லை. நாக்கை நம்பி அக்கா என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டார், ஸ்கூட்டி என்னிடம் இருந்ததும் ஒரு காரணம். முதல் வேலையாகப் புது ரோட்டில் ஏ.சி. போட்டுத் திறந்திருந்த பெரிய கடைக்குப் போன் போட்டேன். நூற்று இருபத்து நான்கு பர்கர் வாங்கப் போகிறோம், ருசி பார்க்க வருகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். போனதும் மேனேஜரே வந்து கதவைத் திறந்துவிட்டார். உட்கார்ந்ததும் பர்கர் வந்தது, ஆவி பறக்க, ஓரத்தில் சீஸ் உருகி வழிய. நான் இரண்டு கடி கடித்துவிட்டு, தேடல் முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்கிற நினைப்பில் இருந்தேன். அக்கா பன்னைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்ததை விரலால் அழுத்தினார். சாப்பிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி, போன் போட்டுட்டா வந்தோம்?"

"ஆமாக்கா. இல்லன்னா மதிப்பாங்களா?"

"சொல்லிட்டு வந்தா மேல்பெட்டிதான் கெடைக்கும்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. எங்கள் ஆலையில் இதை அறியாதவர்கள் கிடையாது. அக்கா டேபிள் பக்கம் வருகிறார் என்று ஒருத்தி கண்ணைக் காட்டினால் போதும், அழகாக ஒட்டிய பெட்டிகளெல்லாம் மேல் வரிசைக்கு ஏறிவிடும், கோணலெல்லாம் அடிக்கு இறங்கிவிடும். பதினைந்து வருஷமாக அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நானே ஒரு கடைக்காரருக்குக் கண்ணைக் காட்டியிருக்கிறேன். மூன்று நாள் கழித்து, சொல்லாமல், கூட்டமான ஏழு மணிக்கு அதே கடைக்குப் போனோம். சீஸ் உருகவில்லை. உள்ளே வைத்திருந்த உருளைக்கிழங்கு வட்டம் நடுவில் ஜில்லென்று இருந்தது. மேனேஜர் எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் அக்காவின் முறைப்படி நடந்தது. ஒவ்வொரு கடைக்கும் மூன்று தடவை. கடை திறந்ததும் ஒன்று, கூட்டத்துக்கு நடுவே ஒன்று, கூட்டம் வடிந்த பிறகு ஒன்று. மேல், நடு, அடி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஃபாஸ்ட்ஃபுட் கடையில் பர்கர் கேட்டால் ஃப்ரைடு ரைஸ் வாசனையோடு ஒரு பன் வந்தது. முட்டைக்கோஸ் மட்டும் ஏராளம். மெயின் பஜார் பேக்கரியில் பன் பூப்போல இருந்தது, ஆனால் காலையில் அடுக்கி வைத்ததைச் சாயங்காலம் சூடு காட்டிக் கொடுத்தார்கள். கல்லூரிப் பக்கம் நிற்கிற வேன் கடையில் மயோனைஸை மம்பட்டியால் அள்ளிப் போட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கடித்த இடத்தில் ஒன்றும் இல்லை, கடிக்காத இடத்தில் எல்லாம் பிதுங்கி என் சேலையில் விழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. தாளில் சிவப்புக் கோடு போட்டு மடித்துப் பையில் வைத்தார். நான் அந்தப் பத்து நாளில் ஒரு சுற்றுப் பெருத்தேன். ரவிக்கையெல்லாம் பிடித்தது. நாற்காலி போகப்போகிறதே என்ற கவலையும் இருந்தது, அடுத்த கடை எது என்ற ஆசையும் இருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் எப்படி இருந்தன என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

ஏழாவது கடை ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில், சைக்கிள் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையில் ஒரு பொந்து மாதிரி இருந்தது. புதூர்ப் பக்கத்து ஆள் ஒருவரும் அவர் மனைவியும் நடத்தினார்கள். மழையை நம்பிப் பிழைக்க முடியாமல் சென்னைக்குப் போய்ப் பெரிய ஹோட்டல் அடுப்படியில் எட்டு வருஷம் நின்றவர், மனைவிக்கு ஊர் ஞாபகம் தாங்காமல் கோவில்பட்டி வரைக்கும் திரும்பியிருந்தார். ஒரு தோசைக்கல், ஒரு எண்ணெய்ச் சட்டி, நாலு ஸ்டூல். பன்னை இரண்டாகப் பிளந்து, உள்பக்கத்தை மட்டும் கல்லில் போட்டு மொறுமொறுவென்று ஆகும்வரை விட்டார். உருளைக்கிழங்கோடு அவித்த பாசிப்பயறைச் சேர்த்துப் பிசைந்த வட்டத்தை ஒரு தட்டில் இருந்த தூளில் புரட்டி எடுத்துப் பொரித்தார். தட்டில் இருந்தது ரொட்டித்தூள் இல்லை. அக்கா எழுந்துபோய் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார்.

"இது கடலைலா?"

"ஆமாக்கா" என்றாள் மனைவி. "கடலமிட்டாய்க் கடையில சலிச்சா குறுணை நிக்கும்லா. அத வாங்கி லேசா வறுத்துப் பொடிக்கோம். நம்ம ஊருல இது கெடைக்கையில ரொட்டித்தூளுக்கு எங்க போவ?"

கடித்தேன். முதலில் பன்னின் மொறுமொறுப்பு, அப்புறம் கடலையின் மொறுமொறுப்பு, அதற்கும் உள்ளே இளஞ்சூட்டில் பாசிப்பயறு, கடைசியாகக் குண்டு மிளகாயும் வெங்காயமும் அரைத்த துவையல் வந்து நாக்கில் சுருக்கென்றது. நான் பேசாமல் சாப்பிட்டதை அக்கா அன்றுதான் முதல்முறையாகப் பார்த்திருப்பார். மறுநாளும் போனோம், அதற்கு மறுநாளும் போனோம். மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. ஆனாலும் அக்கா கோடு போடவில்லை. இந்தக் கடையையும் ஏ.சி. கடையையும் பக்கத்தில் வைத்து ருசி பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வேன் என்று சின்ன முதலாளி சொல்லியிருந்தார். இரண்டிலும் இரண்டிரண்டு வாங்கிக்கொண்டு ஆலைக்குக் கிளம்பினோம்.

பாதி வழியில் மழை பிடித்தது. நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் சாலையை விட்டு வண்டிப்பாதையில் இறக்கியிருந்தேன். கரிசலில் மழை பெய்த பிறகு வண்டி ஓட்டுகிறவர் யாரும் கரிசலில் பிறந்தவராக இருக்க முடியாது. நான் பிறந்து வளர்ந்ததோ அதே கரிசலில், பசுவந்தனையில். நூறு அடிகூடப் போகவில்லை, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பி வண்டி நின்றுவிட்டது. இறங்கினால் செருப்போடு அரைப்படி மண் கூடவே வந்தது. இரண்டு பேரும் வேலிக்காத்தான் குச்சியை ஒடித்து மண்ணைக் கிண்டி எடுத்தோம். கிண்ட கிண்ட அப்பியது. மழை நின்று வெயில் வந்து, ஒருவழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடைப் பாலத்துக்கு வந்து சேரும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலாளி வெளியே கிளம்பிப் போயிருப்பார். பாலக்கட்டையில் உட்கார்ந்து நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார்.

ஏ.சி. கடை பர்கர் ஊறிப்போய்த் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கிழங்கு வட்டம் நனைந்த அட்டை மாதிரி மடங்கியது. அக்கா அதை ஓரமாக வைத்துவிட்டு ஸ்டேஷன் தெருப் பர்கரை எடுத்தார். சூடு போயிருந்தது. வேறு எதுவும் போகவில்லை. மேலே ஒட்டிய கடலைத்தூள் நொறுங்குகிற சத்தம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. கல்லில் காய்ந்த பன் துவையலின் ஈரத்தை உள்ளே விடாமல் நிறுத்தியிருந்தது. மழைக்குப் பிறகு உழவுக் காட்டிலிருந்து வந்த மண்வாசனையில், கையெல்லாம் சேறாக, அந்தப் பர்கரை இரண்டு பேரும் கடைசித் துணுக்குவரை சாப்பிட்டோம்.

"நூத்தி இருவத்து நாலு பேருக்குக் கொடுத்து முடிக்க எவ்வளவு நேரமாவும்?" என்றார் அக்கா.

"முக்கா மணி நேரமாவது ஆவும்."

"அப்ப சூட்டுல ருசி பாத்து என்ன புண்ணியம்? ஆறுன பெறகுதான் தெரியும்." காதிலிருந்து பென்சிலை எடுத்தார். தாள் கிழிந்திருந்ததால் கோடு போடாமல் திரும்பச் செருகிக்கொண்டார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. கடை கிடைத்துவிட்டது.

மறுநாள் சின்ன முதலாளியிடம் நடந்ததைச் சொன்னோம். "பொந்துக் கடையாக்கா?" என்று இழுத்தார், ஆனால் வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்று விட்டுவிட்டார். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு சொல்லிவைக்கப் போனோம். நூற்று இருபத்து நான்கு என்றதும் கடைக்காரருக்குக் கண் விரிந்தது. மனைவிதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள்.

"என்னைக்குக்கா?"

"ஆயுத பூச அன்னைக்கு மத்தியானம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அன்னைக்கு எங்க கல்லுக்குப் பூச இருக்குல்லாக்கா" என்றாள் அவள். "கல்லு, கரண்டி, கத்தி எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வச்சுச் சாமிகிட்ட வச்சிருவோம். மறுநாள்தான் எடுப்போம்."

நாங்கள் வருஷா வருஷம் மெஷினுக்குச் சந்தனம் பூசுகிறவர்கள், அன்று முழுக்க ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதவர்கள், ஒரு கடைக்காரருக்குத் தோசைக்கல்தான் ஆயுதம் என்பதை யோசிக்கவே இல்லை. எங்கள் மெஷினுக்கு மட்டும்தான் சாமி என்று பத்து நாளாக ஊரைச் சுற்றியிருக்கிறோம். ஆலைக்குள் அடுப்பு வைக்கலாமா என்றால் அதற்கும் வழியில்லை. தீப்பெட்டி ஆலைக்குள் நெருப்பு என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்வோம். "ஒரு நாளுதான, ஒரு தடவ மட்டும்..." என்று நான் கெஞ்ச ஆரம்பித்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"அவிய கும்பிடுத பொருள நாம எப்பிடிடி சூடாக்கச் சொல்ல?" என்றார். தன் நாற்காலி போகிற நேரத்திலும் அவரால் அதைக் கேட்க முடியவில்லை. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை இறங்கவில்லை. பிறகு கடைக்காரியைப் பார்த்துக் கேட்டார். "பூச எத்தன மணிக்கு?"

"எட்டு மணிக்கு."

"அதுக்கு முன்னால கல்லு வேல செய்யலாமா?"

"செய்யலாம். ஆனா நீங்க திங்கையில நாலு மணி நேரம் ஆயிரும்லாக்கா."

"நாளைக்கே பாத்துருவோம்" என்றார் அக்கா.

மறுநாள் காலை ஏழரைக்குப் பொரித்த வட்டத்தையும் காய்ந்த பன்னையும் துவையலையும் தனித்தனியாக வாங்கினோம். அக்கா பாதியை எவர்சில்வர் தூக்குவாளியில் வைத்தார், பாதியைத் தன் வீட்டு ஓலைப்பெட்டியில் வைத்தார். பன்னிரண்டு மணிக்குச் செக்கிங் அறையில் திறந்தோம். தூக்கில் மூடியெல்லாம் வியர்த்து, உள்ளே இருந்தது சவசவவென்று ஆகியிருந்தது. ஓலைப்பெட்டியில் இருந்தது நொறுங்கியது. அன்று சாயங்காலம் எங்கள் தெருவிலும் அவர் தெருவிலும் ஒரு வீட்டிலும் ஓலைப்பெட்டி மிச்சமில்லை, எல்லாவற்றையும் ஸ்டேஷன் தெருவுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டோம்.

பூஜை நாளன்று பதினோரு மணிக்குத் தேங்காய் உடைத்து முடித்ததும், ஆட்டோவில் பதினெட்டு ஓலைப்பெட்டியோடு கடைக்காரரும் மனைவியும் வந்து இறங்கினார்கள். அவள் நெற்றியில் கல்லுக்கு வைத்த அதே குங்குமம். கத்தி கிடையாது, கரண்டி கிடையாது, அடுப்பு கிடையாது. பாக்கிங் டேபிளைக் கழுவி வாழையிலை விரித்து, எங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் கை பன்னை விரித்தது, இரண்டாம் கை துவையல் தடவியது, மூன்றாம் கை வட்டத்தை வைத்தது, நாலாம் கை மூடியது, ஐந்தாம் கை தாளில் சுற்றியது. நாளெல்லாம் தீப்பெட்டி அடுக்குகிற கைகள். சின்ன முதலாளி வாயைத் திறந்தபடி நின்று பார்த்தார். அரை மணி நேரத்தில் நூற்று இருபத்து நான்கும் சுற்றி அடுக்கியாகிவிட்டது. எல்லோரும் கையை நீட்டப் போனபோது அக்கா முன்னால் வந்து நின்றார்.

"இருங்க. செக்கிங் ஆவல."

மேலிருந்து ஒன்று எடுத்தார். பிரித்தார், சாப்பிட்டார், நீலக் கோடு. நடுவிலிருந்து ஒன்று எடுத்தார். சுற்றியிருந்த அழகைப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. பிரித்துப் பன்னைத் தூக்கினார். உள்ளே துவையல் இல்லை. தடவுகிற கை எங்கேயோ பராக்குப் பார்த்திருக்கிறது. அத்தனை பேருக்கும் முன்னால் அந்தத் தாளில் சிவப்புக் கோடு விழுந்தது. அந்த வரிசை முழுவதையும் பிரிக்கச் சொன்னார். எட்டில் மூன்றுக்குத் துவையல் இல்லை. தடவி, சுற்றி, திரும்ப அடுக்க வைத்தார். கடைசியாக அடியிலிருந்து ஒன்றை உருவி, தான் தின்னாமல் சின்ன முதலாளியின் கையில் கொடுத்தார். அவர் பன்னைத் திறந்து பார்த்தார். எங்கள் ஆலையில் ஒரு முதலாளி பொருளைத் திறந்து பார்த்து நான் கண்டது அன்றுதான். பிறகு கடித்தார். கடலை நொறுங்கியது. முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். அவர் கையிலிருந்த தாளை வாங்கி அக்கா நீலத்தில் டிக் போட்டார். என் இழுப்பறையில் இருப்பது அந்தத் தாள்தான்.

அதற்குப் பிறகு எங்கள் ஆலையில் ஒரு கால்மணி நேரம் நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. நூற்றுச் சொச்சம் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாரும் ஒரு குறை சொல்லவில்லை. சீனி இல்லை, ஃபேன் இல்லை, ஒன்றும் இல்லை. கடலை நொறுங்குகிற சத்தம் மட்டும் ஷெட் முழுக்க. கடைக்காரி என் பக்கத்தில் வந்து, "ஏன்க்கா யாருமே பேச மாட்டேங்காவ, பிடிக்கலயோ?" என்று பயந்துபோய்க் கேட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பிடிக்கலன்னா இந்நேரம் கூப்பாட்டுல கூரை பிஞ்சு போயிருக்கும்" என்றேன்.

சின்ன முதலாளி கையைக் கழுவிவிட்டு வந்தார். "மெஷின் அந்த நடுப் பொட்டலத்தப் பாஸ் பண்ணியிருக்கும்க்கா" என்றார். கெட்டவர் இல்லை என்று சொன்னேன் இல்லையா, தோற்றதை ஒளிக்கவில்லை. "மெஷின் வரட்டும், வெளிய பாக்கட்டும். உள்ள நீங்க பாருங்க." அக்கா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஆனால் செக்கிங் அறைக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியில் இருந்த பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டதை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். ஜெயித்த முகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

கேமரா மெஷின் வந்தது, ஒரு தடவை மாறவும் செய்தது. அக்கா கடைசிவரை அந்த நாற்காலியில்தான் இருந்தார். போன வருஷம் ஓய்வு பெற்றபோது என்ன வேண்டும் என்று கேட்டார்கள்; நாற்காலியைக் கேட்டு வாங்கி, ஷேர் ஆட்டோவின் மேல் கட்டிக்கொண்டு போனார். இப்போது ரயில்வேயில் வேலை பார்க்கும் மகனோடு மணியாச்சியில் இருக்கிறார். கோவில்பட்டியில் பர்கர் கடைகள் நான் எண்ணுகிற கணக்கைத் தாண்டிவிட்டன. எது நல்ல கடை என்று போனைத் தட்டினால் நட்சத்திரம் காட்டுகிறது. அந்தத் தம்பதி பொந்தை விட்டு, அதே தெருவில் பதினாறு பேர் உட்காரும் கடைக்கு மாறியிருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை அக்கா சொல்லாமல் கொள்ளாமல் பாசஞ்சரில் வந்து இறங்கினார். ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன். "வா ஏட்டி, பன்னு திங்கப் போவோம்." இன்னும் அவருக்கு அது பன்தான். கடையில் கூட்டம். கடைக்காரி எங்களைக் கண்டதும் கல்லிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து ஓடி வந்தாள். அக்கா அதை வாங்காமல், பார்சலுக்குக் கட்டி வைத்திருந்த அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவினார். பார்சல் கேட்டவரிடம் புதிதை நீட்டிவிட்டு அவள் எங்கள் எதிரிலேயே நின்றாள். அக்கா நன்றாக ஆறட்டும் என்று அதை மேஜையில் வைத்துவிட்டு, மகன் வீட்டுக் கதையெல்லாம் சொன்னார். அரை மணி நேரம் கழித்துப் பிரித்து, திறந்து பார்த்து, சாப்பிட்டார். எனக்குக் கேட்டது, அதே சத்தம்.

"நல்லாருக்காக்கா?" என்றாள் கடைக்காரி.

அக்கா காதோரத்தைத் தடவினார், பென்சில் அங்கே இல்லை. மணிபர்ஸைத் திறந்து, விரல் நீளத்துக்குத் தேய்ந்துபோன ஒரு துண்டை எடுத்தார். எண்ணெய்த் தாளை மேஜையில் நீவி விரித்து, நடுவில் நீலத்தில் ஒரு டிக் போட்டார். அந்தப் பழைய தாளைப் போல இதையும் எடுத்துக்கொள்ள நான் கையை நீட்டினேன். கடைக்காரி முந்திக்கொண்டாள். நான்காக மடித்துக் கண்ணில் ஒற்றி, கல்லாவுக்கு மேலிருந்த சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, அடுத்த பன்னைப் பிளந்து கல்லில் போட்டாள்.